ஸ்டூடியோவில் 30 ரசிகர்கள் முன் ஒரு கர்நாடகக் கச்சேரி: ஒலி, ஒளிப்பதிவுக்கு முழு வழிகாட்டி

சினிமா ரெக்கார்டிங்குக்காகக் கட்டிய நடுத்தர ஸ்டூடியோக்கள் சென்னையில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து, ஒரு பாடகர், வயலின், மிருதங்கம், கடம் அல்லது கஞ்சிரா, எதிரே 25, 30 ரசிகர்கள் என்று உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரக் கச்சேரியை முழுதாகப் பதிவு செய்வதற்கான வழிமுறை இது.

புதிதாக இறங்குகிறவர்கள் கேமராவில்தான் ஆரம்பிப்பார்கள். எந்த லென்ஸ், பின்னால் என்ன திரை என்று முடிவானபின் ஃப்ரேமுக்கு ஏற்றபடி கலைஞர்களை உட்காரவைத்து, மிச்ச இடத்தில் மைக்கைச் செருகுவார்கள். வரிசையே தலைகீழ். உட்காரும் இடம், மைக், விளக்கு, கேமரா, அதன்பின் ரசிகர்கள். இதில் முன்னால் இருப்பதை மாற்றினால் பின்னால் இருப்பது எல்லாம் மாறும். அதனால்தான் இந்த வரிசை.

1. தேதி குறிக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

பாடகரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குவது மிகப் பரவலான தவறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை தருகிறது. வயலின், மிருதங்கம், கடம், தம்புரா போடுகிற மாணவி வரை எல்லோரும் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டும். யூடியூபில் மட்டுமா, பாட்டைத் தனியே ஒலிச் செயலிகளிலும் விடுவீர்களா, வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பாட்டுப் பட்டியலை இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். சங்கீத மும்மூர்த்திகளின் (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி) கிருதிகளில் சிக்கல் இல்லை. ஆனால் இயற்றியவர் இறந்து 60 ஆண்டு முடியும்வரை உரிமை இருக்கும். பாபநாசம் சிவன் 1973இல் காலமானார், எனவே 2033 கடைசிவரை அவர் பாடல்களுக்கு அனுமதி தேவை. வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் 2013இல் காலமானார். கச்சேரி முடிவில் சர்வ சாதாரணமாகப் பாடுகிற அவருடைய தில்லானாவுக்கு 2073 வரை இதே கதைதான். பாரதியார் வரிகள் பொதுச் சொத்து, ஆனால் பாடப்போகும் மெட்டு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்: பின்னால் ஒரு வாத்தியத்தை மட்டும் தனியாகத் திருத்த முடியாது. சினிமா ரெக்கார்டிங் பழக்கத்தில் பலரும் "அந்த இடத்தை அப்புறம் பஞ்ச் பண்ணிக்கலாம்" என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். ஒரே அறையில் எல்லோரும் வாசிக்கும்போது வயலின் பாடகரின் மைக்கிலும் இருக்கும். பிசகிய இடம் பிசகியதுதான். ஒரு பாட்டை மீண்டும் பாட வேண்டியிருந்தால் கச்சேரி முடிந்ததும், ரசிகர்கள் எழும் முன், அதே இருக்கையில் பாடலாம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

2. அறையைப் பகலில் ஒருமுறை, கச்சேரி நடக்கும் நேரத்தில் ஒருமுறை பாருங்கள்

காலை பதினோரு மணிக்கு நிசப்தமாக இருக்கும் அறை மாலை ஆறரைக்கு அப்படி இருக்காது. தெருவில் பள்ளி வேன், பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி, மேல்மாடி வாசி என்று எது வேண்டுமானாலும் வரலாம். வடகிழக்குப் பருவமழைக் காலமென்றால் கூரை எதனால் ஆனது என்று கேளுங்கள். மேலே தகரக் கொட்டகை இருந்தால் கனமழையில் பதிவு செய்ய முடியாது.

அடுத்தது ஏசி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். 30 பேர் என்றால் 3 கிலோவாட். ஒரு டன் ஏசி எடுப்பது மூன்றரை கிலோவாட். ஆக, ரசிகர்களுக்காக மட்டும் கிட்டத்தட்ட ஒரு டன் கூடுதலாக வேண்டும். நான்கு பேருக்காகக் கட்டிய அறையில் இது பெரும்பாலும் இருக்காது.

"முன்னாடியே குளிரவைத்து, பாடும்போது ஏசியை அணைத்துவிடலாம்" என்பது கேட்க நல்ல யோசனை. மிருதங்கத்துக்கு அது ஆகாது. காற்றின் ஈரம் மாறினால் தோலின் இழுவை மாறும், ஸ்ருதி நகரும். பாட்டுக்குப் பாட்டு கல்லும் கட்டையுமாக மிருதங்கக்காரர் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். மெல்லிய இரைச்சலோடு ஒரே அளவில் ஓடும் ஏசியே மேல். சீரான இரைச்சலைக் காது சீக்கிரம் மறந்துவிடும்.

நாளைக் குறிக்கும்போது ஞாயிறு மாலை என்றால் ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு. உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். முதல் பாட்டை ஆறேகாலுக்கு வைத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இல்லை.

3. முதலில் உட்காரவையுங்கள்

மிருதங்கத்தைக் கண்ணாடி பூத்துக்குள் வைத்தால் ஒலி சுத்தமாக வரும் என்று ஸ்டூடியோக்காரர் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். பாடகர் கை எப்படித் தாளம் போடுகிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், ஸ்வரத்தை எங்கே முடிக்கப் பார்க்கிறார் என்பதைப் பார்த்துத்தான் மிருதங்கக்காரர் வாசிக்கிறார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்தால் வாசிப்பில் பிசகு இருக்காது, கச்சேரி இருக்காது.

பாடகர் நடுவில். அவருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். வலந்தலை (மிருதங்கத்தில் உயர்ந்த ஒலி தரும் பக்கம்) ரசிகர்களைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் வந்த அமைப்பு இது. மிருதங்கக்காரர் இடக்கைப் பழக்கம் உள்ளவரா என்று முன்பே கேளுங்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படிப்பட்டவர், இன்றும் சிலர் இருக்கிறார்கள். அப்படியானால் வயலினும் மிருதங்கமும் இடம் மாறும். கேட்காமல் விட்டால், அவர் வந்து உட்கார்ந்தபின் மைக், விளக்கு, கேமரா எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும்.

பாடகருக்கும் பக்கவாத்தியங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றேகால். இதற்குக் காரணம் உண்டு. சபாவில் எல்லோருக்கும் முன்னால், தங்களையும் மற்றவர்களையும் கேட்டுக்கொள்ள, மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும். இங்கே அதை வைத்தால் அந்தச் சத்தம் எல்லா மைக்கிலும் ஏறும். மானிட்டர் இல்லாமல் வயலினைத் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். மானிட்டர் போனதும் மிருதங்கம் தானாகவே தணிந்து ஒலிப்பதைக் கவனிக்கலாம். சபாவில் அவர் அடிக்கிற அடியில் பாதி, மானிட்டரில் ஓடும் மற்றவர்களோடு போட்டி போடுவதற்காகத்தான். மானிட்டர் கேட்டே பழகிய பாடகர் முதல் பத்து நிமிடம் தவிப்பார். அதற்காகவே முந்தைய நாள் அரைமணி நேரம் அதே அறையில் பாடவையுங்கள்.

மரப்பலகை மேடை போடுவதாக இருந்தால் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு வேண்டும். பாடகர் தொடையில் போடும் தாளம் பலகை வழியாக மைக் ஸ்டாண்டில் ஏறி "தும், தும்" என்று பதிவாகும். மைக் ஸ்டாண்டுகள் மேடைமேல் நிற்கவே கூடாது, பக்கத்துத் தரையில் நின்று கையை நீட்டட்டும்.

எல்லோரும் உட்கார்ந்தபின் ஒவ்வொருவர் இடத்தையும் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். ரசிகர்களின் முதல் வரிசை எங்கே தொடங்கும் என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். பாடகரிலிருந்து மூன்று மீட்டர் நல்ல தூரம்.

4. மைக்: லீக்கேஜைத் துரத்தாதீர்கள்

புதியவர்கள் ஒவ்வொரு மைக்கையும் வாத்தியத்தோடு ஒட்டவைப்பார்கள். மற்ற ஒலி கலக்காது, அதாவது லீக்கேஜ் இருக்காது என்ற எண்ணம். கலக்கத்தான் செய்யும். கூடவே வில்லின் உராய்வும் தோலின் கணகணப்பும் பெரிதாகி, தூரத்திலிருந்து கேட்டால் இனிக்கிற வாத்தியம் பக்கத்தில் வறண்டு ஒலிக்கும்.

முதலில் ஒரு ஜோடி மைக்கை வைத்து முழுக் கச்சேரியையும் பிடியுங்கள். இரண்டு சிறு கண்டென்சர் மைக், தலைகளுக்கு நடுவே 17 சென்டிமீட்டர், 110 டிகிரி விரிவு. பாடகருக்கு முன்னால் இரண்டு மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டருக்கு மேல். இந்த ஜோடியை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டால் கச்சேரி ஏறக்குறைய சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மைக்கைத் தொடாதீர்கள், இருக்கைகளை நகர்த்துங்கள். மிருதங்கம் தூக்கலாக இருந்தால் அதை அரை அடி பின்னுக்கு. வயலின் மங்கினால் அதை ரசிகர் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள்.

அதற்குப்பின் தனி மைக்குகள்:

பாடகருக்கு எட்டு வடிவில் முன்னும் பின்னும் கேட்கும் மைக்கைப் பரிந்துரைப்பேன். அதன் இரண்டு பக்கவாட்டுகளும் காது கேளாதவை, பக்கவாத்தியம் உட்காருவதோ ஏறக்குறைய அந்தத் திசையில்தான். மைக்கின் முதுகு ரசிகர்களைப் பார்க்கும் என்பது இதன் குறை. முதல் வரிசையில் இருமல்காரர் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, முகவாய்க்குக் கீழே. முகம் மறையாது, வயலின் பக்கம் திரும்பி "பலே" சொன்னாலும் குரல் காணாமல் போகாது.

வயலின் கால் நுனியில் ஊன்றியிருப்பதால் அதன் முகம் மேலே பார்க்கும். பாலத்துக்கு மேலே 40 சென்டிமீட்டரில் ஒரு சிறு கண்டென்சர் போதும். வில் போகும் பாதையை முதலில் பார்த்துவிட்டு வையுங்கள். மேல் ஷட்ஜத்தில் கை நீளும்போது வில் முனை ஸ்டாண்டில் இடித்தால் அந்தப் பாட்டு போயிற்று.

மிருதங்கத்துக்கு இரண்டு. வலந்தலைக்கு ஒரு சாதாரண டைனமிக் மைக், மறுபக்கமான தொப்பிக்கு, தாழ்ந்த ஒலியை நன்றாக எடுக்கும் இன்னொன்று, இரண்டும் ஒரு சாண் தூரத்தில். கடத்துக்கு ஒன்று, பானையின் வாய்க்கு நேரே வேண்டாம், சற்றே பக்கவாட்டில். நேரே வைத்தால் காற்று முட்டி ஒவ்வொரு கும்கியும் (கனத்த தாழ்ந்த ஒலி) மைக்கை அறையும். கஞ்சிராவுக்கும் ஒன்று போதும். வாசிப்பவர் கஞ்சிராவின் தோலில் தண்ணீர் தெளிப்பார், மைக்கை அந்தப் பக்கமாக வைக்காதீர்கள்.

கடைசியாக ரசிகர்களைப் பார்த்து இரண்டு மைக். கைதட்டல் மற்ற மைக்குகளில் வருவது போதும் என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கைதட்டல் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் கேட்கும்.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வீடியோவின் அளவு 48 என்பதால் 44.1இல் எடுத்துப் பின்னால் மாற்றுவானேன்? ஒரு மணி நேரத்துக்கு ஒரு ட்ராக் சுமார் 520 மெகாபைட், 12 ட்ராக் என்றால் ஆறேகால் ஜிகாபைட். இன்னொரு சிறு ரெக்கார்டரில் முன் ஜோடியை மட்டும் தனியாக ஓடவிடுங்கள். கணினி தொங்கினால் அதுதான் மிஞ்சும். இரண்டுக்கும் யூபிஎஸ் கட்டாயம். விளக்கு அணைந்தால் படம்தான் போகும்.

5. தம்புரா

நிஜத் தம்புரா கிடைத்தால் அதுவே. பெரும்பாலும் பாடகர் தன் கைப்பேசிச் செயலியை ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரில் விடுவார். மூன்று விஷயம்: ப்ளூடூத் வேண்டாம், வயர் போடுங்கள். சார்ஜரில் இருக்கட்டும். கைப்பேசி விமானப் பயன்முறையில் இருக்கட்டும். விஸ்தாரமான ஆலாபனை நடுவே அழைப்பு வந்து ஸ்ருதியே நின்றுபோவது எல்லோருக்கும் நடந்திருக்கிறது, ஆனாலும் யாரும் கேட்பதில்லை.

ஸ்பீக்கரின் சத்தத்தைப் பாட்டுக்குப் பாட்டு மாற்றவிடாதீர்கள். ஸ்ருதி எல்லா மைக்கிலும் ஏறியிருக்கும், அளவு மாறினால் வெட்டி ஒட்டும் இடம் கேட்கும். பாடகரின் கட்டையையும் (ஸ்ருதியின் உயரம்) முன்பே கேட்டு வையுங்கள். நாலரைக் கட்டைக்குச் சேர்த்த மிருதங்கம் ஒன்றரைக் கட்டைக்கு உதவாது. கடைசியில் மத்யம ஸ்ருதிப் பாட்டு (மத்யமத்தையே ஷட்ஜமாக வைத்துப் பாடுவது) இருந்தால் இன்னொரு மிருதங்கம் வரும், அது படத்தில் எங்கே இருக்கும் என்றும் யோசியுங்கள்.

6. விளக்கு

எல்ஈடி மட்டும். பழைய டங்ஸ்டன் விளக்கின் சூடு மிருதங்கத் தோலையும், தொப்பியில் ஒட்டிய ரவையையும் காயவைக்கும். எதுவானாலும் ஸ்ருதி சேர்க்க ஆரம்பிப்பதற்கு அரைமணி முன்பே எல்லா விளக்கையும் ஏசியையும் போட்டுவிடுங்கள். குளிர்ந்த இருட்டறையில் சேர்த்த ஸ்ருதி, விளக்கு போட்டதும் மாறும். மிருதங்கக்காரர் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் துணியும் வையுங்கள்.

விளக்குகளின் நிறவெப்பம் ஒன்றாக இருக்கட்டும், அறையின் டியூப்லைட்டை அணையுங்கள். உடை பற்றி ஒரு வார்த்தை: தும்பைப்பூ வெள்ளை ஜிப்பா விளக்கில் வெடிக்கும், மெல்லிய கோடு போட்ட சட்டை திரையில் நெளியும். சந்தன நிறமோ பட்டோ இருந்தால் நல்லது. ஜரிகை கண்ணைப் பறித்தால் விளக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

7. கேமரா

மூன்று போதும். ஒன்று எல்லோரையும் காட்டும் அசையாத பரந்த காட்சி, ஒன்று பாடகர், ஒன்று பக்கவாத்தியங்கள். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 50இல் ஒன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு எண் வைத்தால் சில விளக்குகள் திரையில் துடிக்கும். எல்லா கேமராவிலும் ஒயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் கையால் பூட்டியிருக்க வேண்டும். தானியங்கியில் விட்டால் பாடகர் கை தூக்கும்போதெல்லாம் படம் இருளும்.

4கே, நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 45 ஜிகாபைட். கார்டை இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். சில பழைய மாடல்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். ராகம் தானம் பல்லவியின் தனி (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம்) நடுவே அது நடக்கும்.

லென்ஸைவிட முக்கியமானது கேமராவுக்குப் பின்னால் இருப்பவருக்குத் தாளம் தெரிவது. பாடகர் ஆலாபனையை முடித்து வயலின் எடுத்துக்கொள்ளும்போது கேமரா இன்னும் பாடகரிடமே இருக்கும், அவர் பாவம் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். பாட்டுப் பட்டியலில் எதற்கு ஆலாபனை, எங்கே நிரவல் (ஒரு வரியையே விதவிதமாக விரித்துப் பாடுவது), எதில் தனி என்று எழுதி மூவர் கையிலும் கொடுங்கள். தனியின் முடிவை அறிவிக்கும் மோரா வந்துவிட்டால், அதை முடிக்கும் கோர்வை வரப்போகிறது, அந்த நேரத்தில் கடத்துக்குள் ஜூம் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. கோர்வை முடிந்து பாட்டை எடுக்கிற நொடியில் நால்வர் முகமும் ஒரே ஃப்ரேமில் வேண்டும்.

8. சவுண்ட் செக்

"ஹலோ, செக், ஒன், டூ" எதையும் சொல்லாது. பாடகரை மேல் ஸ்தாயியில் ஒரு சங்கதி பாடச் சொல்லுங்கள், அடுத்து மந்திரத்தில் மெதுவாக ஒரு பிடி. தாள வாத்தியங்கள் இரண்டும் சேர்ந்து தனியின் கடைசிக் கோர்வையை வாசிக்கட்டும். கச்சேரியில் பாடப்போகும் பாட்டை இப்போது பாடவைக்காதீர்கள், அதன் ருசி போய்விடும்.

உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியை எவ்வளவு உயர்த்திப் பதிவது என்ற அளவு) வையுங்கள். இப்போது அடக்கி வாசிக்கிறார்கள். எதிரே முப்பது பேர் தலையாட்டும்போது இதைவிட ஆறு டெசிபல் கூடும். 24 பிட்டில் இந்த இடைவெளி விடுவதால் தரம் குறையாது. இதற்குப்பின் கெயினைத் தொடுவதில்லை.

9. ரசிகர்கள்

ஜமக்காளம் விரியுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒவ்வொன்றும் ஒவ்வொரு ராகத்தில் கிறீச்சிடும். முதியவர்களுக்கு மட்டும் பின்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி. செருப்பும் கைப்பேசியும் வெளியே. படத்தில் அவர்கள் முகம் வரலாம் என்று அழைப்பிலேயே சொல்லி, வாசலிலும் எழுதி ஒட்டுங்கள்.

நன்றாகக் கேட்கிற ரசிகர்தான் இங்கே பெரிய தொல்லை. தொடையில் தாளம் போடுவார், அதுவும் பலமாக. "தாளம் விரலால் மட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். ஆனால் "ஆஹா" வரட்டும், கைதட்டல் வரட்டும். ஸ்டூடியோ என்றதும் மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் எந்த வித்வானும் தாராளமாகப் பாட மாட்டார்.

ஆரம்பிக்க இருபது நிமிடம் முன்பே எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். முப்பது பேர் கொண்டுவரும் ஈரத்துக்கும் சூட்டுக்கும் அறை பழகியபின் மிருதங்கத்தைக் கடைசியாக ஒருமுறை சேர்த்துக்கொள்வார். பிறகு கதவை மூடிவிடுங்கள்.

10. கச்சேரி ஓடும்போது

எல்லாக் கருவிகளும் ஓட ஆரம்பித்தபின் நடுவில் நின்று ஒரு பலத்த கைதட்டு, எல்லா கேமராவிலும் தெரியும்படி. முடிவில் இன்னொன்று. தனித்தனியாக ஓடும் கருவிகளின் கடிகாரங்கள் லேசாக விலகும். பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி, ஏறக்குறைய இரண்டு ஃப்ரேம். கை தோலில் படுவதும் ஒலியும் ஒட்டாமல் போக இதுவே போதும்.

பாட்டுக்கு நடுவே ஒலிப்பதிவை நிறுத்தாதீர்கள். கேமராக்களை ஒவ்வொன்றாக நிறுத்தி ஓடவிடலாம், மூன்றையும் சேர்த்து வேண்டாம். சங்கீதம் தெரிந்த ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்து நேரம், பாட்டு, ராகம், ஆட்டோ ஹாரன் கேட்ட இடம், வயலின் தந்தி இறங்கிய இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளட்டும். எடிட்டில் இந்த ஒரு தாள் நாட்கணக்கை மிச்சப்படுத்தும்.

11. அன்றிரவே

கார்டுகளை இரண்டு வெவ்வேறு டிஸ்கில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தபின் ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புங்கள். இரண்டு டிஸ்கும் ஒரே பையில் போகக் கூடாது. வீடியோ வெளியாகும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

12. மிக்ஸ் முதலில், படம் பிறகு

முன் ஜோடியை மட்டும் வைத்து ஆரம்பியுங்கள். தனி மைக்குகளைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். இரண்டு மீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஆறு மில்லிநொடி ஆகிறது, அதனால் தனி மைக்குகளை அந்த அளவு தாமதப்படுத்துங்கள். செய்யாவிட்டால் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலியும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். மாறாமல் ஒலிப்பது எல்லாம் அதற்கு இரைச்சல், தம்புராவும் அப்படித்தான் அதற்குப் படும். ஸ்ருதி திருத்தும் மென்பொருள் கமகத்தை (ஸ்வரங்களின் வளைந்த அசைவை) படிக்கட்டு ஆக்கிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒலியைப் பாட்டுவாரியாக வெட்டி, ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் படத்தோடு தனியாகச் சேருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கடிகார விலகல் கண்ணில் படாது. மிக்ஸை கலைஞர்கள் நால்வரும் கேட்டு ஒப்புக்கொண்டபின்தான் படத்தை வெட்ட ஆரம்பியுங்கள். அடிக்கடி வெட்டாதீர்கள், ஆலாபனையில் ஒரே காட்சி இரண்டு நிமிடம் நின்றாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

13. ஏற்றும்போது

யூடியூப் சத்தத்தைச் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரி சத்தத்தைச் சொல்லும் அலகு) அளவுக்குக் குறைத்துவிடும். அதைவிட உரக்கக் கொடுத்துப் பயனில்லை, தனியின் உச்சங்களை நசுக்கியதுதான் மிச்சம்.

விவரக் குறிப்பில் பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், ஒவ்வொரு கலைஞர் பெயர், தம்புரா போட்டவர் பெயர் வரை எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும் நேரத்தையும் போடுங்கள். பழைய கிருதியாக இருந்தாலும், அதே பாட்டை வெளியிட்ட ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் தானியங்கி உரிமைக் கோரிக்கை வரலாம். பதற வேண்டாம். இயற்றியவரின் காலம், பதிவு செய்த தேதி, கலைஞர்களின் ஒப்பந்தம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு மறுப்பு அனுப்புங்கள். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் டிசம்பர் சீசனுக்கு வர வேண்டிய வீடியோவை நவம்பர் தொடக்கத்திலேயே ஏற்றி, பொதுவில் விடாமல் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.